நீல வண்டல்

இங்கே காலையில் கொடுத்த டீ நன்றாக இருந்தது. சர்க்கரை மட்டும் அரைக் கரண்டி கூடுதல். வாயில் வைத்ததுமே எனக்கு அளவு தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடம் எதையாவது அளந்துகொண்டே இருந்த பழக்கம். குறையாகச் சொல்லவில்லை, ஐயா. கேட்காமலே கொடுத்தீர்கள், அதற்கு நன்றி.

நீங்கள் கேட்டு, நான் சொல்லி, ஏட்டு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். பன்னிரண்டு வெள்ளைத்தாள் கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன். மேசைமேல் நான் எழுதிய அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் நடந்ததா என்று கேட்டீர்கள். பரிசோதனை மெஷின் பழுது என்று சொல்லிவிடுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சுப்புராஜ். வயது நாற்பத்தேழு. திண்டுக்கல் தோல் ஷாப்புகளிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தலைமைக் கெமிஸ்ட். என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று தோல் புரட்டியவர். கால்விரல் நகம் ஒன்றுகூட அவருக்கு ஒழுங்காக இருந்ததில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன். தோல் ஷாப்புகளை இழுத்து மூட வேண்டும் என்று மைக் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். தோல் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டுதான் அதையும் பேசுவார்கள்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம் என்றால் அழுக்கு காணாமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எங்கேயும் போகாது. தண்ணீரை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், அவ்வளவுதான். காபி வடிகட்டினால் சக்கை மிஞ்சுகிறது அல்லவா, அது மாதிரி. நாங்கள் அதைக் கசடு என்போம். தோல் பதப்படுத்தப் போடும் குரோமியம், சுண்ணாம்பு, உப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். தண்ணீர் எவ்வளவு தெளிவாக வெளியே போகிறதோ அவ்வளவுக்குக் கசடு கூடும். நிலையம் நன்றாக வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்.

மூன்று வருடங்களாக வெளிநாட்டு ஆர்டர் குவிந்தது. ஷாப்புக்காரர்கள் புது ஷெட் போட்டார்கள். பைபாஸ் ஓரத்தில் குளிர்சாதன வசதியோடு இரண்டு கல்யாண மண்டபம் வந்தது, பிரியாணிக் கடைகள் மாடி கட்டின, சைக்கிளில் வேலைக்கு வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வளரும் மாவட்டம் என்று பத்திரிகையில் வண்ணப்படம் போட்டு எழுதியிருந்தார்கள். அத்தனைக்கும் உரிய சக்கை என் நிலையத்தின் பின்பக்கம் மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

கசடை நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. அதற்கென்று அனுமதி பெற்ற புதைகுழி ஒன்று வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. இடம் நிறைந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். இங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கசடை அகற்றாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிப்போம் என்றார்கள். நிலையம் நின்றால் ஷாப்புகள் எல்லாம் அன்றைக்கே நிற்கும். இரண்டாயிரம் குடும்பம். உரிமையாளர்கள் கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும்போது அவர்கள் சங்கச் செயலாளர் பாக்கியராஜ் என் தோளில் கை போட்டார்.

“சுப்பு, எப்பிடியாச்சும் எடத்தக் காலி பண்ணிரு. எப்பிடின்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராத” என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரையும் இதில் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. யோசனை என்னுடையது.

நிலையத்தின் பின்சுவரை ஒட்டி ஓடைக்காரன்பட்டிக் குளம். அந்த ஊர்ப் பாசன சங்கத் தலைவர் அழகர் தை மாதம் என்னைப் பார்க்க வந்தார். குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுக்கிறது அல்லவா, அந்த ஆர்டரைக் கையில் வைத்திருந்தார்.

“ஆர்டரெல்லாம் வாங்கியாச்சு சார். பொக்லைனுக்குத்தான் வழியில்ல. ஒங்க மெசினு சும்மாதான நிக்கிது. நாலு நாளைக்குக் குடுத்தீகன்னா ஊரே ஒங்கள மறக்காது.”

அவர் பேசி முடிப்பதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. பங்குனியில் வாருங்கள், டீசலும் நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மாசி சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்து ஊர்கள் எப்படிக் காலியாகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளாளுக்குக் குலதெய்வத்தைத் தேடிப் போய்விடுவார்கள். ஓடைக்காரன்பட்டியில் அந்த மூன்று நாளும் கோழிகளும் நடமாட முடியாத நாலைந்து பேரும்தான் இருந்தார்கள். நிலையத்திலும் எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தேன். வெளியூரிலிருந்து இரண்டு டிப்பர் லாரி வரவழைத்தேன். பின்கேட்டைத் திறந்தால் கரை, கரை இறங்கினால் குளம். பட்டப்பகலில்தான் செய்தோம். குளத்தின் வடபக்கப் பள்ளத்தில் கசடை நிரவினோம். அதற்கு முன்பே மூன்று வாரம் வெயிலில் காயப்போட்டு, சாணமும் கரும்பாலைச் சக்கையும் கலந்து வாடையை எடுத்திருந்தேன். மேலே ஒரு முழத்துக்கு நல்ல வண்டலைப் போட்டு மூடினேன். வேலை சுத்தமாக இருந்தது.

குரோமியம் கசடில் இருக்கும்போது ஓரளவு சாதுதான். சுண்ணாம்போடு சேர்ந்து வெயிலில் காய்ந்தால் அதில் ஒரு பகுதி குணம் மாறும். பிறகு தண்ணீரில் கரையும், உடம்புக்குள் போகும். எனக்குத் தெரியாது என்று எழுத மாட்டேன். அதைத்தான் நான் படித்தேன்.

பங்குனியில் வண்டல் எடுத்தார்கள். பொக்லைனுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். இருபது, முப்பது டிராக்டர் வரிசையில் நின்றது. எங்கள் விவசாயிகள் மண்ணைச் சும்மா அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், சிலர் துளி நாக்கிலும் வைப்பார்கள். இரண்டாம் நாள் பத்து மணிக்கு இயந்திரத்தின் வாய் என் கசடுக்குள் இறங்கியது. மேலே தூக்கியபோது நீலமும் பச்சையுமாக ஒரு கட்டி சரிந்து விழுந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயம்கூட வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியாதே என்று தோன்றியது.

சின்னக்கண்ணு என்று ஒரு பெரிய விவசாயி முன்னால் வந்து குனிந்து அதில் கொஞ்சம் எடுத்தார். பிசைந்தார், மோந்தார், நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

“ஏலே, இது அடிவண்டல்லே! எங்க அப்பன் காலத்துல ஒருக்க இப்பிடி நீலம் ஓடி வந்துச்சு. லேசாக் கரிக்கும். கரிச்சாத்தான் மண்ணுல சத்து இருக்கு. பத்து வருசத்துக்கு ஒரமே வேணாம்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. குளத்தின் அடியாழத்தில் காற்றுப் படாத களிமண் நீலம் பாய்ந்துதான் இருக்கும். அவர் சிறுவயதில் பார்த்தது உண்மையான நீலம். அதை நினைவில் வைத்திருந்து என்னுடையதைப் பார்த்தார். அதற்குப் பிறகு மேல்வண்டல் ஒருவருக்கும் வேண்டாம். நீல வண்டல், நீல வண்டல் என்று அடித்துக்கொண்டார்கள். அழகர் ஆளுக்கு இத்தனை நடை என்று டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. டோக்கன் கிடைக்காத ஒருவர் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். நான் கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயர் வைத்தது அவர்கள், கேட்டது அவர்கள், அள்ளியதும் அவர்கள்.

நல்ல மண் கிடைத்தால் அதில் முதல் நடை அம்மனுக்கு என்பது அந்த ஊர் வழக்கம். இரண்டு டிராக்டர் நீல வண்டலை மாரியம்மன் கோயில் முன்னால் கொட்டி, திருவிழாவுக்காக மைதானத்தை மட்டம் செய்தார்கள். கடைசி நாள் எனக்குச் சந்தனம் பூசித் துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டை என் மனைவி கனகா துவைத்துப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வாரியத்து அதிகாரிகள் வந்தார்கள். பின்கட்டு கூட்டிப் பெருக்கிக் கோலம் போடலாம் போல இருந்தது. அனுமதி ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. பாக்கியராஜ் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஐப்பசிக்குள் ஷாப்புகளில் இன்னும் முந்நூறு பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் அதை மட்டும் யாரும் குறிப்பதில்லை.

தோட்டங்களில் கத்தரியும் தக்காளியும் போட்டார்கள். சில வயல்களில் நாற்று ஓரம் கருகியது. விதை சரியில்லை என்று விதைக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்கள். மற்ற வயல்களில் நன்றாகவே காய்த்தது. அது ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனது. அங்கிருந்து லாரி ஏறி எந்த ஊருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் காய் வாங்குவதை மட்டும் மாற்றச் சொன்னேன். சேவுகம்பட்டியிலிருந்து ஒருவர் டெம்போவில் கொண்டுவருகிறார், அவரிடம் வாங்கு, ருசியாக இருக்கிறது என்று கனகாவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

இனி முனீஸ்வரியைப் பற்றி.

என் ஆய்வகத்தில் ஆறு வருடமாக வேலை பார்த்தவள். கூட்டிப் பெருக்குவாள், கண்ணாடிக் குழாய்களையும் குடுவைகளையும் கழுவி வைப்பாள். இந்த வைகாசி வரை ஆறு வருடத்தில் மூன்றுதான் உடைத்திருந்தாள். ஓடைக்காரன்பட்டிக்காரி, வயது முப்பத்தொன்பது. கணவர் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். ஒரே மகள் இளவேனில். கல்லூரியில் இரண்டாம் வருடம் கெமிஸ்ட்ரி. “ஒங்களப் பாத்துத்தான் சார் அந்தப் படிப்புல சேத்து விட்டேன்” என்று முனீஸ்வரி அடிக்கடி சொல்வாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்கு முளைப்பாரி வளர்ப்பது அவள்தான், பதினோரு வருடமாக. வீடு வீடாகத் தானியம் வாங்கி, மண்ணும் எருவும் போட்ட ஓடுகளில் விதைத்து, இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். வளர்ப்பவள் விரதம் இருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. எட்டாம் நாள் வெளியே எடுக்கும்போது முளை முழங்கை உயரம் நின்றால் அந்த வருடம் ஊர் செழிக்கும் என்பார்கள். ஊருக்கு அதுதான் ஆய்வறிக்கை என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. இந்த வருடம் ஓடுகளில் போடுவதற்கு அழகரே மூன்று கூடை நீல வண்டல் கொடுத்திருக்கிறார்.

எட்டாம் நாள் கதவைத் திறந்தபோது பாசிப்பயறும் தட்டைப்பயறும் முளை விட்ட இடத்திலேயே கருகிக் கிடந்தன. கம்பு முளைக்கவே இல்லை. ஐம்பத்து மூன்று ஓடு, ஒன்றுகூடத் தேறவில்லை.

மண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. அம்மனுக்குப் போட்ட மண், ஊரே அடித்துக்கொண்டு அள்ளிய மண். விரதத்தில் குற்றம் என்றார்கள். புருஷன் வெளியூரில் இருக்கிறான், இவள் கம்பெனிக்குப் போய் வருகிறாள் என்று ஒருத்தி குழாயடியில் சொன்னாளாம். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இளவேனிலைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. முருகேசன் அந்த மாதம் ஊருக்கு வரவில்லை.

மறுவாரம் திங்கட்கிழமை முனீஸ்வரி முந்தானையில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்தாள். முளைப்பாரி ஓட்டில் இருந்த மண்.

“சார், ஒங்ககிட்ட ஒரு காரியமா வந்தேன். நீங்க மண்ணு, தண்ணி எல்லாம் பாத்து எழுதிக் குடுப்பீகல்ல. இதச் செத்தப் பாத்துச் சொல்லுங்க. மண்ணுல ஏதாச்சும் இருக்குன்னா ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். ஊர்க் கூட்டத்துல காட்டுனாப் போதும். சத்தியமா நான் வெரதத்துல ஒரு கொறையும் வைக்கல.”

“ஊரில் என் பேச்சைக் கேட்பார்களா?” என்றேன்.

“நீங்க எழுதுனா அம்மனே எழுதுன மாதிரி சார்.”

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்து விட்டேன். குணம் மாறிய குரோமியம் இருந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். எவ்வளவுக்கெவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு இருக்கிறது என்று பொருள். நிறத்தை மெஷின் எண்ணாகச் சொல்லும். நான் எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக வந்தது. ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு சொல்வது என் வழக்கம் இல்லை. இன்னொரு முறையும் செய்தேன்.

அந்தக் குழாய்களை அன்றைக்கு நானே கழுவி வைத்தேன். ஆறு வருடமாக அந்த நிறத்தைக் கழுவியவள், பார்த்தால் தெரிந்துகொள்வாள். அவள் உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் கவனித்தாள்.

“நீங்க எதுக்கு சார் கழுவுனீக?”

“உனக்கு மனசு சரியில்லையே, அதுதான்” என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் அந்த வாரம் அவளிடம் அன்பாகப் பேசியது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு சீட்டு எழுதினேன். நிலையத்தின் பெயர் அச்சடித்த தாளில், தேதி போட்டு, ‘பரிசோதித்த மண்ணில் பயிர் வளர்ச்சிக்குக் கேடான குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். உறைக்குள் நீங்கள் வைத்திருப்பது அதுதான்.

அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

“அப்ப மண்ணுல ஒண்ணுமே இல்லயா சார்?”

“இல்லை.”

சீட்டை நாலாக மடித்தாள். “அப்ப எங்கிட்டத்தான் ஏதோ இருக்கு” என்றாள்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பீர்கள். உள்ளதை எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். மறுநாள் நிலையத்தின் கேட்டில் கூட்டம் நிற்கும், அதற்கு மறுநாள் ஷாப்புகள் நிற்கும். அவளுடைய வேலையும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் இரண்டாயிரம் குடும்பத்தின் சோறு, இன்னொரு பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசும் பேச்சு. பேச்சு என்றால் ஆறு மாதத்தில் ஆறிவிடும். மண்ணில் உப்பு அதிகம் என்று மட்டும் எழுதியிருந்தாலே அவள் தப்பித்திருப்பாள். அதையும் யோசித்தேன். உப்பு எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம்போல யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். அவசரத்தில் எழுதியது இல்லை.

அந்தச் சீட்டை அவள் ஊர்க் கூட்டத்தில் காட்டவில்லை. காட்டி என்ன பயன். அவளே கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் பரிகாரம் கேட்டாள். நாற்பத்தெட்டு நாள் மண்சோறு சாப்பிடு என்று அவர் சொன்னார்.

மண்சோறு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டோ இலையோ கிடையாது. அம்மன் சந்நிதிக்கு எதிரே வெறும் தரையில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். சந்நிதிக்கு எதிரே இருந்தது நீல வண்டல் போட்டு மட்டம் செய்த தரை.

ஆனி முதல் தேதி தொடங்கினாள். தினமும் மதியம் ஒரு மணிக்கு. நான் சாப்பிட வீட்டுக்குப் போகும் வழி அதுதான். அவளுக்குச் சட்டப்படி அரை மணி நேரம்தான் இடைவேளை. நான் ஒரு மணி நேரமாக்கிக் கொடுத்தேன். முதல் நாள் பைக்கை நிறுத்திப் பார்த்தேன். ரசம் சாதம். தரை ஈரத்தில் சோற்றின் ஓரம் பச்சை பாய்ந்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கட்டு வாழையிலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“அடியில் ஓர் இலை போட்டுக்கொள், முனீஸ்வரி. யார் பார்க்கப் போகிறார்கள்?”

“அம்மா பாப்பாளே சார்” என்றாள். “எல போட்டா அது மண்சோறு இல்ல. இதுலயும் கொற வச்சா எங்கிட்டு சார் போயி நிப்பேன்?”

இலைக்கட்டைக் கோயில் மாட்டுக்குப் போட்டுவிட்டாள். நான் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன் என்பதற்காக இதை எழுதுகிறேன். தொடர்ந்து ஒரு வாரம் இலை வாங்கிக் கொடுத்தேன். மண்ணில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவளைத் தடுக்க வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

இருபதாம் நாளுக்குமேல் வாய் ஓரம் புண்ணாயிற்று. முப்பதாம் நாள் வாக்கில் முகம் வீங்கியது. அம்மன் முகக்களை வந்துவிட்டது என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்களாம். வேலைக்கு ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. குழாய்களைக் கழுவும்போது கை நடுங்கியது. நாலாவதாக ஒரு குடுவையை உடைத்தாள். பரவாயில்லை என்றேன். ஆடி மாதம் நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தபோது பெண்கள் கூடிக் குலவையிட்டார்கள். குழாயடியில் பேசியவளே வந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். முருகேசனும் அன்று வந்திருந்தார். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்து எனக்குப் பொங்கல் கொடுத்தாள். “எல்லாம் சரியாப் போச்சு சார்” என்றாள். அவள் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. பொங்கலை நான் சாப்பிடவில்லை.

ஆவணியில் இறந்துபோனாள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள். மண்ணால்தான் என்று அறிவியல்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆறு வருடம் ஆய்வகத்தில் வெறுங்கையால் கழுவியவள். அதையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மாலை வாங்கிக்கொண்டு போனேன். அம்மனே கூட்டிக்கொண்டாள் என்று அழகர் என்னிடம் சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை கனகா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். தோசை என்றேன். இரண்டு சாப்பிட்டேன். இப்போதுகூட இதை எழுதும்போது கை ஒரே சீராகத்தான் ஓடுகிறது, நீங்களே பார்க்கலாம்.

இளவேனில் அம்மாவின் சுருக்குப்பையில் அந்தச் சீட்டைக் கண்டெடுத்திருக்கிறாள். திருநீற்றுப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்தாளாம். முளைப்பாரி ஓடுகள் வீட்டுக்குப் பின்னால் அப்படியே கிடந்தன. அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்திருக்கிறாள். பிறகு என்னிடம் வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசைமேல் வைத்தாள். அடர்ந்த கத்தரிப்பூ நிறம். வேலையைச் சரியாகச் செய்திருந்தாள்.

“சார், எனக்கு இந்தக் கலர் வருது. நீங்க பாத்தப்ப வரலயா?”

“அன்றைக்கு வரவில்லை” என்றேன்.

“ரெண்டு தடவை பாத்தீங்களா சார்? அம்மா சொல்லும், சார் எதையும் ரெண்டு தடவை பாப்பாருன்னு.”

அவள் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். கெட்டிக்காரப் பெண். படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது தாள் ஆகியிருக்கிறது. வக்கீல் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் பழையது, அன்று சரியாக வேலை செய்யவில்லை, அதனால் தவறான முடிவு வந்தது என்று எழுதினால் தண்டனை பாதியாகக் குறையும் என்கிறார். நிலையத்துக்கும் அதுதான் நல்லது என்று பாக்கியராஜ் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிறைய யோசித்தேன். நிலையத்துக்காக நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

அந்த மெஷின் பதினான்கு வருடமாக என் பொறுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நானே சரிபார்த்துக் குறித்து வைப்பேன். குறிப்புப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பாருங்கள். அன்றைக்கு முதல் தடவையும் சரியான எண்ணைத்தான் காட்டியது. இரண்டாம் தடவையும் அதே எண். அதைப் பார்த்துவிட்டுத்தான், குறை இல்லை என்று எழுதினேன். ஒரு தப்பும் செய்யாத ஒன்றின்மேல் பழியைப் போட என் மனம் ஒப்பவில்லை, ஐயா.